அட்டையில் இருக்கும் எண்ணும் ஆம்ப்பில் வரும் டோனும்

மூணாறில் ஜனவரி விடியற்காலையில் சில எஸ்டேட்டுகளில் வெப்பநிலை பூஜ்ஜியம் வரை இறங்கிவிடும். புல்வெளியெல்லாம் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். அங்கிருந்து மறையூர், சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி என்று இறங்கிப் பாலக்காட்டுக்கு வந்தால் ஏப்ரலில் 40 டிகிரி வெயில். ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் ஒரே ஹம்பக்கர் பிக்கப்பை இந்த இரண்டு இடங்களிலும் மல்டிமீட்டர் வைத்து அளந்தால் இரண்டு வேறு எண்கள் வரும். 20 டிகிரியில் 8 கிலோ ஓம் காட்டும் பிக்கப், மூணாறுக் குளிரில் ஏறத்தாழ 7.4 காட்டும். பாலக்காட்டு வெயிலில் 8.6 காட்டும். செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் கூடும் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் கிடையாது. பிக்கப் மாறவில்லை, காந்தம் மாறவில்லை, சுற்றுகள் மாறவில்லை. டோனிலும் காதுக்குத் தெரியும்படி எந்த மாற்றமும் இருக்காது.

ஆனால் கிட்டார் சந்தையில் 7.4 என்பது ஒரு சரக்கு, 8.6 என்பது வேறு சரக்கு. முன்னதற்கு ‘விண்டேஜ்’ என்று பெயர். பின்னதற்கு ‘ஹாட்’. அட்டைப் பெட்டியில் இந்த எண்ணைத்தான் பெரிதாக அச்சிடுகிறார்கள். கடைக்கு வரும் இளைஞர்களும் “எத்தனை கே?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலும், தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை தேயிலை, ஏலத் தோட்டங்களின் லயங்களிலும் (தொழிலாளர் வரிசை வீடுகளிலும்) கிட்டார் வாசிக்கும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. தேவாலயப் பாடகர் குழு, கானமேளா, கல்லூரி பேண்டு என்று எங்காவது ஓரிடத்தில் கையில் கிட்டார் வந்துவிடுகிறது. கேரளப் பள்ளிக் கலோற்சவத்தில் மேற்கத்திய கிட்டார் ஒரு போட்டியாகவே நடக்கிறது. அந்தக் கலோற்சவத்தில் 2018, 2019 இரண்டு ஆண்டும் தங்கக் கோப்பையைக் கொண்டுபோனது பாலக்காடு மாவட்டம். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு, இறக்குமதியாகும் ஒரு ஜோடி ஹம்பக்கரின் விலை அவர்கள் முதலில் வாங்கிய கிட்டாரின் விலைக்கே சமம். அந்தப் பணம் பெற்றோர் கொழுந்து பறித்த கூலியிலிருந்து வருகிறது. எதைப் பார்த்து, எதைக் கேட்டு அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டும் என்பது சின்ன விஷயமல்ல. எலெக்ட்ரிக் கிட்டாரின் டோனை எண்ணும் பெயரும் மரமும் சொல்லாது. ஒரே நிலையில் வைத்து, கண்ணை மூடி ஒப்பிட்டால்தான் தெரியும்.

இந்தத் தமிழ்நாடு - கேரள எல்லைக்கும் எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் உள்ள உறவு புதிதல்ல. தமிழ்ச் சினிமாப் பாட்டில் அந்த ஒலியை வீட்டுக்கு வீடு பழக்கியவர்களில் முதன்மையானவர் எம்.எஸ்.விஸ்வநாதன். அவர் 1928 இல் பிறந்தது பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில். 1964 இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’ படப் பாடல்களை இன்று கேட்டாலும் விஸ்வநாதன் - ராமமூர்த்தி இருவரும் மேற்கத்திய இசைக்குழுவின் ஒலியை எவ்வளவு துணிச்சலாகக் கையாண்டார்கள் என்பது புரியும். எல்லையின் மறு முனையில், இடுக்கி மலை இறங்கும் இடத்தில், பண்ணைப்புரம். இளையராஜாவின் ஊர். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்ற அவர் அடிப்படையில் ஒரு கிட்டார் வாத்தியக்காரர். அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன் 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்காக எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ப் பாடியது அந்த வட்டாரத்து அரசியல் வரலாற்றில் இன்னும் பேசப்படுகிறது. இப்படிப்பட்ட மண்ணில் வளரும் காதுக்குப் பயிற்சி போதாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஹம்பக்கர் ஏன் பிறந்தது என்பதை மலைத்தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதே இல்லை. பழைய வயரிங் போட்ட ஒரு லயத்தில், சோக் வைத்த டியூப்லைட்டுக்கு அடியில் உட்கார்ந்து, ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள கிட்டாரை ஆம்ப்பில் சொருகினால் போதும். வாசிக்கும் முன்னாலேயே ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் கிளம்பும். கிட்டாரைப் பிடித்தபடி மெல்லத் திரும்பினால் ஒரு திசையில் கூடும், ஒரு திசையில் குறையும். வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சியாகத் திசை மாறி மாறி ஓடுகிறது. அதன் காந்தப் புலத்தைச் சுருள் அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது. கம்பியின் அதிர்வைப் பிடிக்க வைத்த சுருளுக்கு மின்சாரத்தின் அதிர்வு எது, கம்பியின் அதிர்வு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் கலமாசூ நகரில் கிப்சன் கம்பெனியில் வேலை பார்த்த செத் லவர், 1955 இல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவர் கடற்படையில் ரேடியோ வேலை பார்த்தவர். ஒரு சுருளுக்குப் பதிலாக இரண்டு சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றின் மேற்புறம் காந்தத்தின் வட துருவம், மற்றதன் மேற்புறம் தென் துருவம். இரண்டையும் எதிரெதிர்த் திசையில் இணைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு சுருளிலும் ஒரே மாதிரி நுழைகிறது. இணைப்பு எதிரெதிராக இருப்பதால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு அழிந்துபோகிறது. கம்பியின் அதிர்வோ, காந்தமும் மாறி இணைப்பும் மாறியதால், இரண்டு சுருளிலிருந்தும் ஒரே பக்கமாக வந்து கூடிவிடுகிறது. அதே காலத்தில் ரே பட்ஸ் என்பவரும் தனியாக இதே வழியைக் கண்டுபிடித்தார். அவருடைய பிக்கப் கிரெட்ச் கிட்டார்களில் வந்தது.

இரைச்சலைக் கொல்ல வந்த பொருள் டோனையும் மாற்றிவிட்டது. இதுதான் விஷயத்தின் சுவையான இடம். ஒற்றைச் சுருள் கம்பியை ஒரே புள்ளியில் கேட்கிறது. ஹம்பக்கர் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகளில் கேட்கிறது. மிக உயர்ந்த சில மேற்சுரங்கள் ஒரு புள்ளியில் மேலே போகும்போது மறு புள்ளியில் கீழே வந்துவிடும். அவை தாமாகவே மங்கிவிடுகின்றன. அதோடு இரண்டு சுருள்களும் வரிசையில் இணைவதால் இன்டக்டன்ஸ் கூடுகிறது. சாதாரண ஒற்றைச் சுருளில் அது 2 முதல் 3 ஹென்றி. பழைய பாணி ஹம்பக்கரில் 4 முதல் 5. ‘ஹாட்’ ஆக, கூடுதலாகச் சுற்றிய நவீன ஹம்பக்கர்களில் 8 ஹென்றியையும் தொடும். இன்டக்டன்ஸ் கூடக்கூட, பிக்கப் எந்த அலைவரிசையில் எழும்பி நிற்கிறதோ அந்தச் சிகரம் கீழே இறங்கும். அந்தச் சிகரம் மேலே இருந்தால் ஒலி பளிச்சென்று கண்ணாடி உடைவதைப்போல வரும். கீழே வந்தால் தடித்து, இழைந்து, நடு ஸ்தாயி முன்னே நிற்கும். காது ‘டோன்’ என்று சொல்வதில் பெரும்பங்கு இந்தச் சிகரம் எங்கே நிற்கிறது, எவ்வளவு உயரமாக நிற்கிறது என்பதுதான்.

மல்டிமீட்டர் காட்டும் கிலோ ஓம் இந்தச் சிகரத்தைச் சொல்வதில்லை. கம்பியை இன்னும் மெல்லியதாக எடுத்து அதே எண்ணிக்கையில் சுற்றினால் ஓம் ஏறிவிடும். டோன் அதே அளவுக்கு ஏறாது. சீமோர் டங்கனின் ‘ஜேபி’ பிக்கப் 16 கிலோ ஓமுக்கு மேல் காட்டும். அதே கம்பெனியின் ‘59’ மாடல் அதில் பாதிதான். ‘ஜேபி’ இரண்டு மடங்கு சத்தமா என்றால் இல்லை. அதில் சுற்றியிருக்கும் கம்பியே வேறு கனம்.

பழைய பிக்கப்களின் கதையைப் பார்த்தால் எண்ணின் மீதுள்ள நம்பிக்கை இன்னும் ஆட்டம் காணும். 1957 முதல் 1962 வாக்கில் கிப்சன் ஹம்பக்கர்களின் அடியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது’ என்று ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கும். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘பிஏஎஃப்’ என்று உலகம் அதைக் கொண்டாடுகிறது. அந்தப் பிக்கப் உள்ள 1959 லெஸ் பால் கிட்டார்கள் லட்சக்கணக்கான டாலருக்கு விலைபோகின்றன. ஆனால் ஒரு பிஏஎஃப் இன்னொரு பிஏஎஃப் மாதிரி இருப்பதில்லை. தொடக்கத்தில் சுற்றும் எந்திரம் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தானாக நிற்காது. ஏறத்தாழ 5,000 சுற்று என்பது குறி, ஒரு சுருளில் கூடும், ஒன்றில் குறையும். காந்தமும் அப்படித்தான்: அல்நிக்கோ 2, 3, 4, 5 என்று கையில் கிடைத்ததைப் பொருத்தினார்கள். 7 கிலோ ஓமும் உண்டு, 9 கிலோ ஓமும் உண்டு. இன்று ‘அசல் பிஏஎஃப் டோன்’ என்று விற்கிறவர்கள் அவற்றில் எந்த ஒன்றைச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும். பதிலை எழுத்தில் வாங்கினால் இன்னும் நல்லது.

லண்டன் கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீனின் 1959 லெஸ் பால் இதற்கு நல்ல சாட்சி. அதன் கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பில் காந்தம் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தது. இரண்டு பிக்கப்பையும் ஒன்றாகப் போட்டால் மூக்கால் பேசுவது போன்ற, உள்ளீடற்ற, துக்கம் தோய்ந்த ஓர் ஒலி. ப்ளூஸ் உலகம் அந்த ஒலிக்கு மயங்கியது. கிட்டார் பிறகு கேரி மூரிடம் போய், இப்போது மெட்டாலிகாவின் கிர்க் ஹாமெட்டிடம் இருக்கிறது. மரம் அதே மரம், சுற்று அதே சுற்று, ஓம் அதே ஓம்தான். ஒரு காந்தத் துண்டின் திசை மட்டும் மாறியிருந்தது.

1972 இல் லாரி டிமார்ஸியோ ‘சூப்பர் டிஸ்டார்ஷன்’ என்ற பிக்கப்பைக் கொண்டுவந்தபோது கணக்கு இன்னொரு திசையில் போனது. அல்நிக்கோவுக்குப் பதில் செராமிக் காந்தம், கூடுதல் சுற்று, ஆம்ப்பைத் திணறடிக்கும் வெளியீடு. ராக் இசைக்கு அது வரப்பிரசாதமாக அமைந்தது. ஆனால் அதன் பின்னால் ஒரு தவறான பாடமும் பரவிவிட்டது: வெளியீடு அதிகம் என்றால் டோன் நல்லது என்று. இங்கேதான் காது நம்மை ஏமாற்றும். சத்தம் கொஞ்சம் கூடினால் மனிதக் காதுக்கு அடி ஸ்தாயியும் உச்ச ஸ்தாயியும் நிறைவாகக் கேட்கும். 1933 இல் ஃப்ளெச்சரும் மன்சனும் அளந்து வெளியிட்ட உண்மை இது. இரண்டு பிக்கப்களை மாற்றி மாற்றிப் போட்டால் ஒன்று 1, 2 டெசிபல் கூடுதலாக வந்தால் போதும். அதுதான் ‘உயிருள்ள டோன்’ என்று கேட்பவர் சத்தியம் செய்துவிடுவார். இணையத்தில் வரும் ஒப்பீட்டு வீடியோக்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரணத்தாலேயே பயனற்றவை என்பது இக்கட்டுரையின் தீர்க்கமான கருத்து.

ஒப்பிடுவதற்கு முறை உண்டு, அதற்குப் பெரிய ஸ்டுடியோ வேண்டாம். ஒரே கிட்டார், ஒரே கம்பி செட், ஒரே ஆம்ப், ஒரே கேபிள். கேபிளைச் சொல்லக் காரணம் இருக்கிறது: சாதாரண கிட்டார் கேபிள் மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோஃபாரட் மின்தேக்கம் சேர்க்கும், 3 மீட்டர் கேபிளுக்கும் 9 மீட்டர் கேபிளுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பிக்கப்பை மாற்றியதற்குச் சமமாகக் கேட்கலாம். வால்யூம் குமிழின் மதிப்பும் அப்படியே. ஹம்பக்கருக்கு வழக்கமாக 500 கிலோ ஓம் குமிழ் போடுவார்கள். 250 போட்டால் உச்ச ஸ்தாயி மங்கும். பிக்கப்புக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி அரை மில்லிமீட்டர் மாறினாலே ஒலி மாறும். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிக்கப்பின் இரு பக்கத்து ஸ்க்ரூவை இரண்டு பிக்கப்புக்கும் ஒரே அளவுக்கு வைக்க வேண்டும். பிறகு இரண்டின் சத்தத்தையும் ரெக்கார்டிங் மீட்டரில் சமப்படுத்திவிட்டு, வேறொருவர் மாற்றிப் போட, வாசித்தவரே எது எது என்று தெரியாமல் கேட்க வேண்டும். பத்துத் தடவை போட்டு எட்டு, ஒன்பது தடவை சரியாகச் சொன்னால் வித்தியாசம் உண்மை. நாலைந்து தடவைதான் சரியாகச் சொன்னார் என்றால் அந்தப் பணத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக் கேட்டால் வித்தியாசமே இருக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். அல்நிக்கோ 2 வைத்த மென்மையான பிக்கப்புக்கும் செராமிக் வைத்த பிக்கப்புக்கும் உள்ள வேறுபாட்டை இசை தெரியாதவரும் சொல்லிவிடுவார். ஒன்றில் விரல் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி வளைந்து கொடுக்கும். மற்றதில் முதல் தொடுதலே இறுகி, நேராக நெஞ்சில் வந்து விழும். கமகம் வாசிக்கிறவருக்கு முன்னது உதவும். கோரஸோடு கனத்த தாளத்தில் அடிக்கிறவருக்குப் பின்னது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் சாதாரண மாண்டலினை விட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினுக்கு மாறியது நாகரிகத்துக்காக அல்ல. கர்நாடக சங்கீதத்தில் ஒரு ஸ்வரம் நீண்டு நின்று அசைய வேண்டும். தட்டியதும் அடங்கிவிடும் ஒலியில் அது வராது. பிக்கப் அந்த நீளத்தைத் தந்தது. இசைக்கு என்ன தேவையோ அதிலிருந்து தொடங்கி, அதற்கேற்ற பிக்கப்பைத் தேடினார்.

கேட்டுத் தேர்ந்தெடுக்கும் இந்தப் பழக்கத்துக்குப் பாலக்காட்டில் பழைய வேர் உண்டு. பாலக்காடு மணி ஐயர் (1912–1981) மைக் வைத்த கச்சேரியில் வாசிக்க மாட்டேன் என்று சில ஆண்டுகள் பிடிவாதமாக நின்றவர். மைக் தன் மிருதங்கத்தின் நாதத்தை மாற்றிவிடுகிறது என்பது அவர் கட்சி. அவர் தஞ்சாவூர் மிருதங்கத் தொழிலாளி பர்லாந்துவோடு சேர்ந்து தோலுக்காகவும் மரத்துக்காகவும் செய்த தேடலை டி.எம்.கிருஷ்ணா 2020 இல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூல் விரிவாகச் சொல்கிறது. பாலக்காடு மாவட்டத்துப் பெருவெம்பில் இன்றும் மத்தளமும் செண்டையும் மிருதங்கமும் செய்கிறார்கள். பாலக்காடு மத்தளம் புவிசார் குறியீடு பெற்ற பொருள். அங்கே ஒரு தொழிலாளி வலந்தலையைச் சுருதி சேர்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். விளிம்பைச் சுற்றி ஒவ்வோர் இடமாகக் கட்டையை வைத்துக் கல்லால் தட்டுவார்; எதிர்ப்பக்கம் திருப்பி ஒரு விரலால் கேட்பார்; மறுபடி ஒரு தட்டு. எல்லாப் புள்ளியும் ஒரே சுருதியில் பேசும் வரை கருவியைக் கீழே வைக்க மாட்டார். கருவியில் எண் எதுவும் எழுதியிருக்காது. எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் இதே பொறுமை வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான கோரிக்கை அல்ல.

மிருதங்கத்தில் பலா மரமும் தோலும்தான் ஒலி. கெட்டிப் பலகையில் செய்த எலெக்ட்ரிக் கிட்டாரில் நிலைமை வேறு. அங்கே பிக்கப் காற்றைக் கேட்பதில்லை, மரத்தையும் கேட்பதில்லை. தனக்கு மேலே எஃகுக் கம்பி எப்படி அசைகிறது என்பதை மட்டும் கேட்கிறது. நாஷ்வில்லைச் சேர்ந்த ஜிம் லில் என்ற கிட்டார்க்காரர் இரண்டு மேசைகளுக்கு இடையே கம்பியை இழுத்துக் கட்டி, கிட்டார் உடலே இல்லாமல், கீழே பிக்கப்பை மட்டும் வைத்து வாசித்துக் காட்டினார். வழக்கமான கிட்டாரிலிருந்து அதைப் பிரித்தறிவது கடினமாக இருந்தது. மரத்துக்குப் பங்கே இல்லை என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது; கம்பி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில் மரத்துக்கும் கழுத்தின் இறுக்கத்துக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. ஆனால் டோனின் பெரும்பகுதி சுருளிலும் காந்தத்திலும் அதன் பின்னால் வரும் மின்சுற்றிலும் ஆம்ப்பிலும் இருக்கிறது.

இது மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்கிறவர்களுக்குத் தனியாக அக்கறைக்குரிய செய்தி. உலகம் முழுவதும் கிட்டார் கழுத்துப் பலகைக்கு விரும்பும் ‘இந்திய ரோஸ்வுட்’ வேறு எதுவுமல்ல, நம் மலைகளில் நிற்கும் ஈட்டி மரம்தான். பிரேசில் ரோஸ்வுட் அருகிப்போய் 1992 இல் அதன் சர்வதேச வணிகத்துக்குத் தடை வந்தது. அதற்கு முன்பே கிட்டார்க் கம்பெனிகள் ஈட்டியின் பக்கம் திரும்பிவிட்டிருந்தன. 2017 ஜனவரி முதல் ஈட்டி உள்ளிட்ட அந்த மரக் குடும்பம் முழுவதும் சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வந்தது. 2019 இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். இடையில் 2011 ஆகஸ்டில் இந்தியாவிலிருந்து போன ஈட்டி, கருங்காலிப் பலகைகளுக்காகக் கிப்சன் ஆலைகளில் அமெரிக்க அதிகாரிகள் சோதனையே நடத்தினார்கள். அந்த விவகாரம் மடகாஸ்கர் கருங்காலிக்காக 3 லட்சம் டாலர் அபராதத்தோடு 2012 இல் முடிந்தது. இந்திய மரம் கம்பெனிக்குத் திரும்பியது.

கேரளத்தில் ஈட்டி எவ்வளவு எளிதாக விழும் என்பதற்கு வயநாட்டு முட்டில் விவகாரமே சாட்சி. 2020 அக்டோபரில் வந்த ஒரு வருவாய்த்துறை உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, அது 2021 பிப்ரவரியில் ரத்தாவதற்குள், நூற்றாண்டுகள் கண்ட ஈட்டி மரங்களைச் சாய்த்துவிட்டார்கள். அவற்றைக் கிட்டாருக்காக யாரும் வெட்டவில்லை, இது தெளிவாக இருக்கட்டும். ஆனால் ‘ரோஸ்வுட் டோன்’ என்று உலகம் சொல்லிக்கொண்டே இருக்கும் வரை அந்த மரத்தின் மீது விலை ஏறிக்கொண்டேதான் இருக்கும். அந்தப் பேச்சுக்கு ஆதாரம் எவ்வளவு? மரமே ஒலியாக இருக்கும் அக்கூஸ்டிக் கிட்டாரிலேயே அது நிரூபணமாகவில்லை. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018 இல் வெளியிட்ட ஆய்வில், பின்பலகை மட்டும் வேறு வேறு மரத்தில் செய்த 6 கிட்டார்களை 52 கலைஞர்கள் கண்ணுக்குத் தெரியாதபடி வாசித்துப் பார்த்தார்கள். விலையுயர்ந்த ரோஸ்வுட்டையும் மலிவான மரத்தையும் அவர்களால் தரத்தில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எலெக்ட்ரிக் கிட்டாரின் கழுத்தில் ஒட்டும் மெல்லிய ஈட்டிப் பலகைக்காக டோன் வாதம் பேசுவதை நிறுத்தும் நேரம் வந்துவிட்டது. ஃபெண்டர் தன் மெக்ஸிகோ கிட்டார்களில் 2017 வாக்கில் வேறு மரத்துக்கு மாறியது. இசை எங்கும் நின்றுவிடவில்லை.

பிக்கப்பை மாற்றும் முன் பார்க்க வேண்டியது இன்னொன்று உண்டு, இது உயிர் சம்பந்தப்பட்டது. ஹம்பக்கர் போட்டும் இரைச்சல் போகவில்லை, கம்பியைத் தொட்டால் மட்டும் அடங்குகிறது அல்லது கூடுகிறது என்றால், கோளாறு பிக்கப்பில் இல்லாமல் எர்த்தில் இருக்கலாம். ஜெனரேட்டர் வைத்து நடக்கும் திருவிழா மேடையிலும், மூன்றாவது முனைக்குக் கம்பியே இழுக்காத பழைய லயத்துச் சாக்கெட்டிலும் இது சகஜம். கையில் கிட்டார் கம்பி, உதட்டில் மைக். இரண்டுக்கும் இடையே மின்னழுத்தம் இருந்தால் உடம்பு வழியாகத்தான் அது பாயும். 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்ஸீ நகரில் மேடையிலேயே மைக்கைத் தொட்ட கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி அந்த இடத்திலேயே இறந்தார். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவ மழையில் ஈரமான மேடையில் வாசிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு எலெக்ட்ரீஷியனின் அரை நாள் கூலி, எந்த இறக்குமதிப் பிக்கப்பையும் விட அவசரமான செலவு. மேடை அமைப்புக்குப் பொறுப்பேற்கும் கோயில், தேவாலயக் கமிட்டிகள் இதைத் தங்கள் பட்ஜெட்டில் முதல் வரியாக எழுத வேண்டும்.

பிக்கப்பை ஏன் இறக்குமதி செய்ய வேண்டும் என்ற கேள்வியும் இங்கே வரத்தான் செய்கிறது. பாலக்காட்டுக்கு ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் கோயம்புத்தூர். பம்புசெட்டுக்கும் மோட்டாருக்கும் பேர்போன ஊர். பொள்ளாச்சியிலும் கம்பத்திலும் போடியிலும் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை இல்லாத கடைத்தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். எனாமல் பூசிய செம்புக் கம்பி, சுற்று எண்ணிக்கை, காப்பு, இழுவிசை எல்லாம் அந்தக் கைகளுக்குப் பழகியவை. ஹம்பக்கருக்கு வேண்டிய 42 ஆம் எண் கம்பி தலைமுடியளவு, 0.063 மில்லிமீட்டர்தான், மோட்டார்க் கம்பியை இழுப்பதுபோல் இழுத்தால் அறுந்துவிடும் என்பது உண்மை. மெல்லிய இழுவிசையைப் பழகச் சில சுருள்கள் வீணாகும். ஆனால் அது கற்க முடியாத வித்தை அல்ல. ‘ஜேபி’யைத் தந்த அமெரிக்காவின் சீமோர் டங்கனே பழுதான பிக்கப்களைப் பிரித்துச் சுற்றித்தான் தொழில் கற்றார். உடைந்த பிக்கப்களைத் திரும்பச் சுற்றி அவர் உருவாக்கிய கிட்டாரைக் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக் 1975 இல் வந்த ‘ப்ளோ பை ப்ளோ’ ஆல்பத்தில் வாசித்தார்.

மலம்புழா ஐ.டி.ஐ.யிலோ மூணாறு பொறியியல் கல்லூரியிலோ ஒரு மாணவர் குழு இதைச் செய்து பார்க்கலாம். இரண்டு பாபின், ஒரு அல்நிக்கோ கட்டை, ஆறு ஸ்க்ரூ, ஆறு எஃகுத் துண்டு, எண்ணிக்கை காட்டும் ஒரு சுற்று எந்திரம், கீச்சொலி வராமல் தடுக்க உருக்கிய மெழுகு. இன்டக்டன்ஸ் அளக்க எல்.சி.ஆர். மீட்டர், அது மின்னியல் ஆய்வகங்களில் சாதாரணமாக இருக்கும் கருவி. ஒரே சுற்று எண்ணிக்கையில் நான்கு பிக்கப் கட்டி, காந்தத்தை மட்டும் மாற்றலாம். பிறகு ஒரே காந்தத்தில் 4,500, 5,000, 5,500 என்று சுற்றை மாற்றலாம். ஒவ்வொன்றையும் மூணாறிலும் பாலக்காட்டிலும் பதிவுசெய்து, சத்தத்தைச் சமப்படுத்தி, சித்தூரிலிருந்து வண்டிப்பெரியாறு வரை வாசிக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டு, பெயர் சொல்லாமல் போட்டுக் காட்டலாம். முடிவுகளை இன்டக்டன்ஸ், காந்த வகை, சுற்று எண்ணிக்கை, கேட்டவர்கள் எழுதிய வார்த்தை என்று நான்கு பத்தியில் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு இசைக்கடைகளின் சுவரில் ஒட்டினால், அடுத்த முறை ஒரு பிள்ளை பிக்கப் வாங்க வரும்போது பெட்டியில் உள்ள எண்ணோடு ஒப்பிட அவன் கையில் வேறொரு தாளும் இருக்கும்.